டெல்லி அரசு மருத்துவமனைகளில் செவிலியர் ஏன் நிலைப்பதில்லை?

4 ஜனவரி 2025, திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி

என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். டெல்லியில் இடம் கிடைத்தால் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய் என்கிறார்கள். இவ்வளவு கொடுத்தும் அங்கே ஆள் பற்றாக்குறை என்று செய்தி வருகிறது. தேர்வை இன்னும் அடிக்கடி நடத்திக் காலியிடங்களை நிரப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அங்கே பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்கள் யாராவது விளக்க வேண்டும்.

5 ஜனவரி 2025

தீராது, தம்பி. 2006-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நகரத்தின் ஓர் அரசு மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறேன். இப்போது சீனியர் நர்சிங் ஆபீசர். பொது மருத்துவ வார்டு ஒன்றுக்கு இன்சார்ஜ். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர்கள் 11 பேர். 14 மாதத்துக்குள் 4 பேர் போய்விட்டார்கள். ஒருத்தி அயர்லாந்துக்கும், ஒருத்தி திண்டுக்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஒருத்தி கல்யாணமாகி மஸ்கட்டுக்கும் போனார்கள். நான்காவது பெண் எங்கும் போகவில்லை. வேலையை மட்டும் விட்டாள். அந்த நான்காவது பெண்ணைப் பற்றித்தான் நான் இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்வுகளுக்குக் குறைவே இல்லை. நார்செட் 2020-இல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு இருமுறை வருகிறது. டெல்லி அரசின் மருத்துவமனைகளுக்கு அந்த அரசின் பணியாளர் தேர்வு வாரியமான டி.எஸ்.எஸ்.எஸ்.பி. தேர்வு நடத்துகிறது. தொழிலாளர் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ.சி.க்காக மட்டும் 2024-இல் யு.பி.எஸ்.சி. 1,930 நர்சிங் ஆபீசர் இடங்களை அறிவித்தது. வாசலைத் திறந்துவைத்தால் கூட்டம் வரும். வந்தவர்கள் முதல் ஆறு மாதத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பதை எந்தத் தேர்வும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் தேர்வைப் பற்றிப் பேசுவதையே சில காலம் நிறுத்திவைக்க வேண்டும்.

5 ஜனவரி, இரவு

சம்பளத்தை விட்டுவிட்டேன். வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அடிப்படை 44,900. 2024 ஜூலைக்கான அகவிலைப்படி 53 விழுக்காடு, அதாவது 23,797. டெல்லிக்கு வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடு, 13,470. நர்சிங் அலவன்ஸ் 7,200 ஆக இருந்தது. அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதால் 2024-இல் 9,000 ஆனது. கூட்டினால் பிடித்தம் போவதற்கு முன் 91,000-ஐத் தாண்டுகிறது. போக்குவரத்துப்படியும் சீருடைப்படியும் தனி. இது நல்ல சம்பளம். சம்பளம் குறைவு என்று இந்த வேலையை விட்டவர்களை நிரந்தரப் பணியாளர்களுக்குள் நான் பார்த்ததில்லை. அதனால்தான் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்கிறேன்.

9 ஜனவரி 2025

ஓர் அன்பர், "எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்காகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். மத்திய அரசு மருத்துவமனைகள் இன்றும் 1990-களின் தொடக்கத்தில் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த எஸ்.ஐ.யு. அளவுகோலையே எடுத்துக்காட்டுகின்றன. அதன்படி பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர். என் வார்டில் 30 படுக்கைகள். ஷிப்டுக்கு 5 பேர் என்று கொண்டால் மூன்று ஷிப்டுக்கு 15. விடுப்புக்காக 30 விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 20 பேர்.

என் பட்டியலில் இருப்பவர்கள் 13. நேற்றிரவு 8 மணிக்குப் பணிப் பொறுப்பை ஏற்றவர்கள் இருவர். படுக்கை 30 என்றாலும் நோயாளிகள் 41 பேர். ஒரே கட்டிலில் இருவரும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துச் சிலரும் இருந்தார்கள். மாலை ஷிப்டுப் பெண் ஒவ்வொரு கட்டிலாக நின்று, "இவருக்கு ஆன்டிபயாடிக் பத்து மணிக்கு, இவருக்கு யூரின் அளவு எழுத வேண்டும், இவர் மகன் ரத்தம் கொண்டுவரப் போயிருக்கிறார்" என்று ஒப்படைத்து முடிக்கும்போது 8.50. அவளுடைய ஷிப்டு 8 மணிக்கே முடிந்துவிட்டது. அந்த 50 நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

10 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 30 விழுக்காடு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அவர்களுடைய விகிதமும் வேறு, போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் 5 நோயாளிக்கு ஒருவர். எஸ்.ஐ.யு. அளவுகோல் ஆண்டு முழுவதும் இயங்கும் இடங்களுக்கு 45 விழுக்காடு சேர்க்கச் சொல்கிறது. ஆகவே 15 பேர் 22 ஆகிறார்கள். இரண்டையும் கலந்து குழப்பிவிட்டேன், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

திருத்தம் எழுத உட்கார்ந்தபோது அந்த 45 போதுமா என்று காலண்டரை எடுத்துவைத்துப் பார்த்தேன். மாதத்துக்கு 8 ஓய்வு நாள் என்றால் ஆண்டுக்கு 96. ஈட்டிய விடுப்பு 30. தற்செயல் விடுப்பு 8. தேசிய விடுமுறை 3. மொத்தம் 137 போக, ஒரு செவிலியர் ஆண்டில் 228 நாள்தான் பணிக்கு வர முடியும். ஓர் இடத்தில் 365 நாளும் ஆள் நிற்க வேண்டுமானால் அந்த இடத்துக்கு 1.6 பேர் தேவை. 45 அன்று, 60 விழுக்காடு சேர்க்க வேண்டும். 15 பேருக்கு 24. காய்ச்சல், மகப்பேறு, பயிற்சி எதையும் இதில் நான் எண்ணவில்லை. ஒரு நாள்கூட நோய்வாய்ப்படாத, குழந்தை பெறாத, புதிதாக எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத செவிலியருக்கே அளவுகோல் போதவில்லை.

19 ஆண்டுகளில் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறைகூட நான் போட்டுப் பார்த்ததில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பத்தான் தெரிந்திருந்தது.

14 ஜனவரி 2025

பொங்கல். காலை ஷிப்டு. பால்கனியில் தெரியும் சூரியனைப் பனிமூட்டம் மறைத்துவிட்டதால், எங்கள் வார்டின் தமிழ்ப் பெண்கள் மூவரும் பான்ட்ரி ஸ்டவ்வில் பொங்கிய பாலைப் பார்த்துக் கும்பிட்டோம். ஓய்வு நாள் கேட்ட மூவரில் ஒருத்திக்குக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

19 ஜனவரி 2025

தங்கைக்கு இந்தி தெரியுமா என்று தம்பி சொல்லவில்லை. தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் அதைப் பரவாயில்லை என்று ஆக்கும் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெண், சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு பாட்டி "சக்கர் ஆ ரஹா ஹை" என்று சொன்னதும் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி விரலில் குத்திவிட்டாள். பாட்டி சொன்னது தலைசுற்றல். இவளுக்குக் கேட்டது சர்க்கரை. தலைசுற்றல் என்பவருக்கு முதலில் சர்க்கரை பார்ப்பதில் தவறில்லை என்று ரெசிடென்ட் டாக்டர் சொன்னதால் பிழைத்தாள். அடுத்த ஒரு மாதம் அவளுக்கு வார்டில் "சக்கர் சிஸ்டர்" என்றே பெயர்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் அவள் அன்று பான்ட்ரியில் அழுதாள். மாத்திரை, வலி, வாந்தி, மலம், மயக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு டெல்லி, ஹரியானா, பீகார் நோயாளிகள் பேச்சில் எடுக்கும் சொற்கள் 200 இருக்கும். இரண்டு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கற்றுக்கொடுத்துவிடலாம். மாறாக நாங்கள் பார்த்தது என்ன? 2021 ஜூனில் இந்த நகரின் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர்கள் மலையாளம் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சுற்றறிக்கைக்குச் செலவான தாளில் 200 சொற்களையும் அச்சிட்டிருக்கலாம்.

27 ஜனவரி 2025

பயிற்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போட்டுவந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு.

2022-இல், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை மூன்றாவது வாரமே இரவுப் பணியில் போட்டேன். அந்த வாரம் இருவர் மருத்துவ விடுப்பில் இருந்தார்கள், ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், ஓட்டை. அவளோடு ஒரு சீனியரும் இருந்தார் என்பதை இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. 20 மில்லிஈக்விவலன்ட் (மருந்தின் அளவைச் சொல்லும் அலகு) பொட்டாசியம் குளோரைடு கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் சரியாக அவ்வளவுதான் இருக்கும். அவள் ஆம்பூலை உடைத்து 10 மில்லி சிரிஞ்சில் முழுவதும் ஏற்றி, கட்டிலருகே போய், நோயாளியின் கையில் மருந்து ஏற்றச் செருகியிருந்த கானுலாவின் மூடியைக் கழற்றிவிட்டாள்.

இதைப் படிக்கும் செவிலியர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இந்த மருந்தைப் பெரிய பாட்டில் சலைனில் கலந்து மணிக்கணக்கில் மெல்லச் செலுத்த வேண்டும். நேரே ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் சீனியர் அடுத்த வரிசையில் ஒரு நோயாளிக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் நிறத்தையோ லேபிளையோ அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது கானுலா மூடி தரையில் விழுந்து உருண்டதைத்தான். "என்ன கொடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை என் முன்னால் நின்றபோது அவள் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "மேடம், தேர்வில் இந்தக் கேள்வி வந்தது, நான் சரியாக எழுதினேன்." பொய்யில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும் தேர்வில் அவள் நல்ல இடத்தில் வந்தவள். நேரே தள்ளக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தது அதிகாலை 3 மணிக்குக் கைக்கு வந்து சேரவில்லை. அது வந்து சேர, பக்கத்தில் ஓர் ஆள் நின்று பத்து முறை அவள் செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு என்னிடம் நேரம் இல்லை.

மேலிடம் அவளிடம் விளக்கம் கேட்டது. ரோஸ்டரில் கையெழுத்துப் போட்ட என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டு எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது: தீயணைப்பு, மருத்துவக் கழிவைப் பிரிக்கும் நிறப்பைகள், இதய உயிர்ப்பிப்பு. எல்லாம் தேவையானவைதான். அந்த வகுப்புக்கு வார்டிலிருந்து இருவரை அனுப்ப, அவர்கள் இடத்தில் மற்றவர்கள் இரட்டை ஷிப்டு பார்த்தார்கள்.

28 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் தாராவித் தமிழர் ஒருவர், "அந்த ஆம்பூல் வார்டு ட்ரேயில் ஏன் இருந்தது? எங்களிடம் தனியாகப் பூட்டி வைப்போம்" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதன் பிறகு நாங்களும் பூட்டிவிட்டோம். அதற்கு முன் ஏன் பூட்டவில்லை என்பதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை.

2 பிப்ரவரி 2025

"ஆள் பற்றாக்குறைக்கு உண்மையான காரணம் சி.சி.எல். என்பதை நீங்கள் சொல்லாமல் விடுகிறீர்கள்" என்று ஒருவர் சற்றுக் காட்டமாகவே எழுதியிருக்கிறார். குழந்தை பராமரிப்பு விடுப்பைச் சொல்கிறார். மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். இரண்டு குழந்தைகள் வரை. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 விழுக்காடு. பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் பணியில் இது ரோஸ்டரை உலுக்கத்தான் செய்யும். மறுக்கவில்லை.

ஆனால் காலவரிசையைப் பாருங்கள். நான் மேலே சொன்ன அளவுகோல் வந்தபோது மகப்பேறு விடுப்பு 90 நாள். அது 1997-இல் 135 ஆயிற்று, 2008-இல் 180 ஆயிற்று. சி.சி.எல். வந்ததும் 2008-இல்தான். விடுப்பு வளர்ந்தது, அதற்கான மாற்று ஆள் வளரவில்லை. சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக்குவது எளிது. அவள் பெயர் ரோஸ்டரில் இருக்கிறது. அளவுகோலைத் திருத்தாத கோப்பின் பெயர் எந்த ரோஸ்டரிலும் இல்லை.

என் சொந்த விஷயத்தையும் சொல்கிறேன். 2012-இல் என் மகளுக்கு மூன்று வயது. மாமியார் ஊருக்குப் போய்விட்டார், கணவருக்கு நொய்டாவில் ஷிப்டு வேலை. ராஜினாமாக் கடிதத்தை எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தேன். சி.சி.எல். 5 மாதம் கிடைத்தது, கடிதத்தைக் கிழித்தேன். அந்த 5 மாதத்துக்கு அரசு செலவிட்டது, அதற்குப் பிறகு என்னிடமிருந்து கிடைத்த 12 ஆண்டு உழைப்பின் விலை.

2 பிப்ரவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியது உண்மை, ஆனால் பாதிதான். முதல் குறிப்பில் வேலையை மட்டும் விட்ட நான்காவது பெண் என்று எழுதினேன் அல்லவா? அவளுக்குச் சி.சி.எல். வருவதற்கு முந்தைய காலம், அவளை விட்டுவிடலாம். 2019-இல், நான் இன்சார்ஜ் ஆன முதல் ஆண்டில், என்னிடம் ஒரு பெண் 3 மாதம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு. இன்சார்ஜ் பரிந்துரை இல்லாமல் கோப்பு நகராது. "வார்டில் ஆள் இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அவள் ஆறு மாதம் காத்திருக்கவில்லை. இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறாள். மூன்று மாத ஓட்டைக்குப் பயந்து, நிரந்தர ஓட்டையை நானே போட்டேன். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வர 22 மாதம் ஆயிற்று.

8 பிப்ரவரி 2025

வெளிநாட்டைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். போகிறார்கள். ஓய்வறையில் யாராவது காதில் ஹெட்போனோடு இருந்தால், கேட்பது பாட்டா, வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வின் பயிற்சியா என்று கேட்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களை 2015 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று ஆனது. கேரளத்தில் நோர்க்கா, தமிழ்நாட்டில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம். ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கட்டி ஏமாந்தவர்களைப் பார்த்தவள் என்பதால் இதை வரவேற்கிறேன். போகிறவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஆண்டாண்டாய் ரயிலேறி வந்த நாமும் யாரோ ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அந்தக் கிராமத்துக் கதையும் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தேர்வு எழுதி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஊதியம் பின்னர் 14,000 ஆகி, 18,000 ஆனது. என் வார்டின் இப்போதைய 13 பேரில் இருவர் அந்தப் பட்டியலிலிருந்து விலகி வந்தவர்கள். டெல்லியின் ஆள் சேர்ப்பு வெற்றி என்பதில் ஒரு பங்கு, வேறோர் ஊரின் ஆள் தக்கவைப்புத் தோல்வி.

இங்கும் ஒப்பந்தச் செவிலியர்கள் உண்டு. அதே ஊசி, அதே இரவு, அதே விளக்கக் கடிதம்; சம்பளச் சீட்டு மட்டும் வேறு. தனியார் துறைக்காவது ஓர் அளவு சொல்லப்பட்டது: 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் குறைந்தவைகூட 20,000-க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அதைப் படித்துவிட்டு அப்போது 7,700 வாங்கிக்கொண்டிருந்த என் தோழி ஒருத்தி, "என்னைத் தயவுசெய்து தனியார் மயமாக்குங்கள்" என்றாள்.

9 பிப்ரவரி 2025

செவிலியர் பதிவு பற்றித் தம்பி தனியாகக் கேட்ட நடைமுறைக் கேள்விக்கு: தமிழ்நாடு கவுன்சில் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு இங்கே தொடர முடியாது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, டெல்லி நர்சிங் கவுன்சிலில் பதிவை மாற்ற வேண்டும். செவிலியருக்கான தேசியப் பதிவேட்டின் என்.யு.ஐ.டி. எண்ணை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள். பி.எஸ்சி. என்பதால் அனுபவச் சான்று தேவைப்படாது, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளோமா படித்த தோழிகள் யாராவது உடன் எழுதினால், 50 படுக்கை மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். ஜனவரியில் சேர வேண்டியிருந்தால் ஸ்வெட்டரை டெல்லியில் வாங்கிக்கொள்ளலாம். திருச்சியில் விற்பது ஸ்வெட்டர் அன்று.

16 பிப்ரவரி 2025

சாதர், அதாவது படுக்கை விரிப்பு. அதைப் பற்றி எழுதாமல் அரசு மருத்துவமனைச் செவிலியர் பணியைப் பற்றி எழுத முடியாது.

வார்டின் விரிப்புகளுக்குச் செவிலியரே பொறுப்பு. தோபி வரும்போது அழுக்கு விரிப்பை எண்ணிக் கொடுத்து, துவைத்ததை எண்ணி வாங்கி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். கிழிந்தால் தூக்கிப்போட முடியாது. கழிவுப் பட்டியலில் ஏற்றி, குழு வந்து பார்த்து ஒப்புதல் கொடுக்கும்வரை கட்டி வைத்திருக்க வேண்டும். ஒரு நோயாளி ஒரு விரிப்பைச் சுற்றிக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் கணக்கு உதைக்கும். விரிப்போடு முடிவதில்லை: ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர், சக்கர நாற்காலி, ஸ்டூல். நான் பொறுப்பேற்றபோது முந்தைய இன்சார்ஜிடமிருந்து நோயாளிகளை வாங்க ஒரு மணி நேரமும், பொருட்களை வாங்க நான்கு நாளும் ஆயின.

சென்ற வாரம் ஒரு காலை ஷிப்டு முழுவதும் என் நேரத்தைச் சிறு நோட்டில் குறித்தேன். 6 மணி நேரத்தில் மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட், ஸ்டாக், விரிப்பு, தொலைபேசி, சோதனை முடிவுகளைத் தேடுவது, கணினிப் பதிவு ஆகியவற்றுக்குப் போனது 2 மணி 40 நிமிடம். நோயாளியின் உடலைத் தொட்டுச் செய்த வேலை 1 மணி 25 நிமிடம். ஒருநாள் கணக்கு, ஒருத்தியின் கணக்கு. இதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் வார்டுக்கு ஓர் எழுத்தரும் ஒரு பண்டகக் காப்பாளரும் கொடுத்தால், ஒரு தேர்வும் நடத்தாமலே எனக்கு இரண்டு செவிலியர் கிடைப்பார்கள் என்று தோன்றுகிறது. புதிதாக வந்த பெண்கள் மனம் வெறுப்பது இரவுப் பணியால் அன்று. "இதற்கா நான்கு வருடம் படித்தேன்?" என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் விரிப்பு எண்ணும்போதுதான்.

23 பிப்ரவரி 2025

பதவி உயர்வு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2016-இல் ஸ்டாப் நர்ஸ் என்ற பெயர் நர்சிங் ஆபீசர் ஆனது. நர்சிங் சிஸ்டர் என்பது சீனியர் நர்சிங் ஆபீசர் ஆனது. மேலே ஏ.என்.எஸ். (உதவி நர்சிங் கண்காணிப்பாளர்), டி.என்.எஸ். (துணை நர்சிங் கண்காணிப்பாளர்) என்று ஏணி உண்டு, படிகளுக்கிடையே தூரம் அதிகம். பதவி வராவிட்டாலும் 10, 20, 30 ஆண்டுகளில் எம்.ஏ.சி.பி. வழியாகச் சம்பள நிலை உயரும். ஆபீசர் ஆனதில் என் அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி. நோயாளிகளுக்கு நாங்கள் இன்றும் சிஸ்டர்தான். நார்செட்டில் 80 விழுக்காடு இடம் பெண்களுக்கு என்பதால் ஆண்கள் குறைவு. அவர்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் நோயாளிகள் "சிஸ்டர் பையா", அதாவது சிஸ்டர் அண்ணன், என்கிறார்கள். அவர்களும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

2 மார்ச் 2025

ஜனவரி 5 அன்று, தேர்வைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவைக்க வேண்டும் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். 2019-இல் நான் இழந்த பெண்ணின் இடம் 22 மாதம் காலியாக இருந்தது என்று நானே எழுதிவிட்டு, தேர்வு அடிக்கடி நடப்பதில் பயனில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இப்போது அந்த இடைவெளி குறைந்திருக்கிறது. தம்பி கேட்டதில் பாதி சரி. நிரப்பத்தான் வேண்டும். நிரப்ப வேண்டிய எண்ணிக்கையே குறைவாகப் போடப்பட்டிருக்கிறது என்பதும், வருகிறவரை முதல் நாளே முழு ஆளாக எண்ணுகிறோம் என்பதும்தான் என் சண்டை.

படிப்பு இடங்களைப் பெருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டடம் எழும்பிவிடும். மாணவியின் பக்கத்தில் வார்டில் நிற்கப்போகும் ஆசிரியை எங்கிருந்து வருவார்? நாட்டில் பட்டப்படிப்பு 1946-இல் இரண்டு இடத்தில் தொடங்கியது: ஒன்று இதே டெல்லியில், மற்றது வேலூரில். வேலூர் சி.எம்.சி.யில் கற்பிப்பவரே வார்டிலும் பொறுப்பில் இருப்பார். அங்கே படித்துவிட்டு எங்களிடம் வந்த பெண்களைக் கட்டிலருகே பார்த்தாலே தெரியும். பேசிக்கொண்டே சலைன் சொட்டு எண்ணுவார்கள். பல கல்லூரிகளில் ஆசிரியை கரும்பலகையோடு நின்றுவிடுகிறார். வார்டில் மாணவியை ஒப்படைப்பது எங்களிடம். எங்கள் நிலைமையை மேலே படித்துவிட்டீர்கள்.

9 மார்ச் 2025

இந்த மாதம் எனக்குப் புதிதாக மூவர் வந்திருக்கிறார்கள். ரோஸ்டரில் அவர்கள் பெயரைத் தனியாகக் கீழே, எண் போடாமல் எழுதினேன். நான்கு வாரம் காலை ஷிப்டு மட்டும், எண்ணிக்கையில் சேரமாட்டார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியர். ஏ.என்.எஸ். மேடம் பார்த்துவிட்டு, "16 பேர் இருக்கும்போது 13 என்று ஏன் எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். ஜனவரியில் இங்கே எழுதிய 228 நாள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "நான்கு வாரம் முடியாது, மூன்று" என்றார். மூன்று வாங்கிக்கொண்டேன்.

புதியவர்களில் ஒருத்தியை, 2022-இல் கானுலா மூடியைக் கழற்றிய அதே பெண்ணிடம் விட்டிருக்கிறேன். அவள் போகவில்லை; போய்விடுவாள் என்றே நான் அப்போது நினைத்தேன். பூட்டிய பொட்டாசியம் பெட்டியின் மேல் தமிழிலும் இந்தியிலும் "கலக்காமல் கொடுக்காதே" என்று எழுதி ஒட்டியிருப்பது அவள் கையெழுத்து. புதிய பெண்ணிடம் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஏப்ரலில் 60 நாள் சி.சி.எல். வேண்டும் என்று நேற்று அவள் விண்ணப்பம் கொடுத்தாள். மகனுக்கு ஒன்றரை வயது. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரல் ரோஸ்டரில் அவள் பெயர் இருக்கும் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.